தளர்ந்துபோன ஒரு முழங்கை உறை

நேற்று நான் கத்தியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், கண்ணாடி அலமாரியில் கிடந்த பழைய முழங்கை உறையை எடுத்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தோடு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். வயதானால் கோபம் தணியுமாம். எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை போலிருக்கிறது.

அந்த உறை ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அது என் தப்பு. எந்த நூலை எந்த வரிசையில் பின்னுவது, எந்த ஒயரை எங்கே சேர்ப்பது என்பதெல்லாம் ஃபைலில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். இது ஃபைலில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன். மீட்டர்களைப் பழுது பார்ப்பதும் சரி பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாடம் படித்தேன். எந்த ஊர் ஆலையிலும் அலாரம் அடித்தால் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர் கோளாறைத் தேடிப் போவார். இன்னொருவர் மீட்டரின் ஜீரோ திருகாணியை லேசாகத் திருப்பி, முள்ளைக் கீழே இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். அந்த இரண்டாம் ரகத்து ஆள் ஒருவரிடம் "திருகாணியைத் தொட்டீர்களா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல சார்" என்றார். நம்பினேன். அடுத்த ஷிப்டில் பேரிங் கருகி நாற்றம் அடித்தபோது என் மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்துப்போய், "மனுஷன் சொல்றத எழுதிக்காத. மீட்டர் சொல்றத எழுதிக்கோ" என்றார். கூட ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன். திட்டவில்லை.

அன்றிலிருந்து நான் சரி பார்த்த ஒவ்வொரு மீட்டரின் ஜீரோ திருகாணி மேலும் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பேன். யாராவது தொட்டால் உடைந்திருக்கும், கண்டுபிடித்துவிடுவேன். பாட்டில் என் மனைவியுடையது. "என் நகத்துக்கு வாங்கினது உங்க மீட்டருக்குத்தான் போவுது" என்று அவள் சலித்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. பிரிவில் எனக்குப் பெயரே நெயில் பாலிஷ் சார். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டி, ஆறு மாதம் பேப்பர் படித்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. அப்போதுதான் நம் பிசியோ மேடம் இந்த மாடியை வாடகைக்குப் பிடித்து, தொட்டால் தெரிந்துகொள்ளும் துணி, இழுத்தால் தெரிந்துகொள்ளும் துணி என்று ஏதோ பின்னத் தொடங்கியிருந்தார். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்கள் வீட்டில் பயிற்சி செய்கிறார்களா என்று அவருக்குத் தெரியவேண்டும். வெள்ளிப் பூச்சு நூலைச் சாதாரண நூலோடு சேர்த்துப் பின்னினால், துணி விரியும்போது அதில் ஓடும் மின்சாரம் மாறும். முழங்கையில் மாட்டிவிட்டால் கை எத்தனை தடவை மடங்கியது என்று எண்ணிவிடலாம். "சார், மீட்டர் வேலைக்கு நீங்க வருவீங்களா?" என்று கேட்டார். பனியனை மீட்டர் ஆக்குகிறார்களா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வந்த இடத்தில் பின்னல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்தான் காலர் அக்கா. என்னைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. வளையமாதேவிப் பக்கம். சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு குடும்பத்தோடு திருப்பூர் போய், பதினோரு வருஷம் டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்னிவிட்டுத் திரும்பி வந்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஒரு துணியைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது எந்த மெஷின், எண்ணெய் கூடுதலா குறைச்சலா, எந்த ஊசி மொக்கை என்று சொல்லிவிடுவார். எனக்கு வாய்த்த இரண்டாவது குரு அவர். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

முதல் வாரமே அவரிடம் மாட்டிக்கொண்டேன். வெள்ளி நூல் உருண்டைகளைக் கலையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்தேன். பத்து நாளில் நூல் கறுத்துவிட்டது. வெள்ளி கறுத்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? விபூதி போட்டுத் தேய்ப்போம். பூஜை விளக்கைத் தேய்க்கிற பக்தியோடு ஒரு முழுத் துண்டையும் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அதில் அதற்கப்புறம் மின்சாரமே ஓடவில்லை. காலர் அக்கா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிய மொத்தமா உரிச்சிட்டீங்களே சார். இது கொலுசு இல்ல, முலாம். ரப்பர்கூட வெள்ளிய வச்சா கறுக்கும்னு எங்க வூட்டுப் பசங்களுக்கே தெரியுங்க."

இவ்வளவுக்குப் பிறகாவது அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் உறை தயாரானபோது, "தினமும் மாட்டினவுடனே, கை நீட்டியிருக்கிற நிலையை ஜீரோ செய்ய ஒரு பட்டன் வைக்கலாமா?" என்று பிசியோ மேடம் கேட்டார். காலர் அக்காவும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "துணி தெனமும் ஒரே மாதிரி இருக்காது சார்" என்றார். எனக்குப் பழைய பேரிங் நாற்றம்தான் மூக்கில் வந்தது. பட்டன் வைத்தால் நோயாளி அதை அமுக்கி விளையாடுவார், செய்யாத பயிற்சியைச் செய்ததாகக் காட்டுவார் என்றேன். முதல் நாள் ஜீரோவையே நிரந்தரமாகப் பூட்டினேன். உறையில் மாட்டும் சின்ன எண்ணும் பெட்டியின் மூடித் திருகாணி மேல் ஒரு சொட்டு சிவப்பும் வைத்தேன்.

அந்த உறை போனது ஒரு டீ மாஸ்டருக்கு.

டவுன்ஷிப் ஆர்ச் கேட் பக்கம் அவருடைய டீக்கடை. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவர் கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள், நானும் குடித்திருக்கிறேன். தலைக்கு மேலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஆற்றுவார், ஒரு துளி சிந்தாது. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. கடையை அவர் மனைவி எடுத்து நடத்தினார். விடியும் முன்பே போய் அடுப்புப் பற்ற வைத்து, இருட்டும் வரை நின்று, கால் வீங்கி வீடு திரும்புவார். அந்த அம்மாவின் தம்பி கடையைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா பிசியோ மேடத்திடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இவரு வூட்டுல ஒழுங்கா கைய மடக்கி நீட்டுனா, எத்தினி மாசம் ஆனாலும் நான் கடையில நிக்கிறேங்க. செய்யாம உக்காந்துக்கினு இருந்தா யாருக்காவ நான் நிக்கணும்? தம்பிகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

பயிற்சி எளிதானது, ஆனால் அலுப்பானது. இடது கையால் வலது கையைப் பிடித்து முழுசாக மடக்கி நீட்டவேண்டும். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது. வீட்டில் பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் உறை. வாரத்தில் செவ்வாய்க்கிழமை அந்த அம்மா உறையைக் கொண்டுவந்து கொடுப்பார். காலர் அக்கா துவைத்துக் காயவைப்பார். நான் எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

எண் வாராவாரம் ஏறியது. ஒரு நாளைக்கு நூறு, நூற்று இருபது, இருநூறு. நான் கிராஃப் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அதைக் கடையில் பால் பாத்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். கேட்கிறவர்களிடம் எல்லாம், "கை வருதுங்க, பாருங்க கோடு மேல போவுது" என்பார். தம்பியிடம் இப்போதைக்குக் கடை இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஆறாவது செவ்வாய் மத்தியானம். காய்ந்த உறை மேஜை மேல் கிடந்தது. பெட்டியை மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே மின்விசிறி ஓடியது. காற்றில் துணி லேசாக அசைந்தது. பெட்டியில் எண் ஒன்று கூடியது. மறுபடி அசைந்தது, மறுபடி ஒன்று. உள்ளே கையே இல்லை. என் மேஜை பயிற்சி செய்துகொண்டிருந்தது.

இரும்பு, நேற்று இருந்தபடி இன்றும் இருக்கும். துணி அப்படி இல்லை. தளர்ந்திருக்கிறது. சும்மா கிடக்கும்போதே பாதி மடங்கியது போலக் காட்டுகிறது. மூச்சு விட்டால்கூட எண்ணியிருக்கும். அந்தக் கிராஃப் முழுக்கப் பொய். பெட்டியின் மேல் என் சிவப்புச் சொட்டு மட்டும் உடையாமல் இருந்தது.

பிசியோ மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இங்க வர்றப்ப அவருக்குத் தானா கை கொஞ்சம்தான் மடங்குது சார். வீட்ல இவ்வளவு செய்யறாரேங்கிற நம்பிக்கையிலதான் விடாதீங்கன்னு சொல்லிட்டிருந்தேன். விடாம செய்யறவங்களுக்கு மெதுவா வரும். அந்தக் கையையே மறந்துட்டவங்களுக்கு வராது. இவர் செஞ்சாரா இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்கு ஒரு பதில் இருந்தது. மனுஷன் சொல்றத எழுதிக்காத.

கிராஃபைத் திருத்தி அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்காக எண்ணலாம், யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு வந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பொய்க் கிராஃபை நம்பி ஒரு பெண்பிள்ளை வீங்கின காலோடு நிற்கிறாள் என்பது அந்த நினைப்பை விரட்டிவிட்டது. அன்று சாயந்திரமே உறையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

இருவரும் இருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எண் தப்பு, தப்பு என்னுடையது, கோடு மேலே போனதற்கு அர்த்தம் இல்லை.

டீ மாஸ்டர் என்னையே பார்த்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும் அவருக்கு. "அப்ப நான் செஞ்சது பொய்யாங்க?"

"அப்படிச் சொல்லல. நீங்க எத்தனை செஞ்சீங்கன்னு இதுக்குத் தெரியாதுன்னு சொல்றேன்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "நெசமா செஞ்சியாய்யா? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"எண்ணிக்கினுதான் செஞ்சேன். காலைல அம்பது. சாயந்தரம் அம்பது. சில நாளு கூடவே செஞ்சேன்."

டீ மாஸ்டர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சொல்கிறார், நம்புங்கள்" என்று. முப்பது வருஷப் பழக்கம், என் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவர் படித்துவிட்டார். நான் நீட்டிய உறையை வாங்கவில்லை. "நீங்களே எடுத்துக்கினு போங்க சார்" என்றார். மனைவியிடம், "வெள்ளிக்கிழம நல்ல நாளு. ஒந் தம்பிய வரச் சொல்லு" என்றார்.

இந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு பூட்டி வைத்த ஜீரோ என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை காலர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே உறையைக் கையில் எடுத்தார். உள்பக்கம் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழே தடவினார். முழங்கை வருகிற இடத்தில் விரல் நின்றது. பழைய பேண்ட்டில் முட்டி தள்ளியிருக்குமே, அது போல அங்கே ஒரு புடைப்பு. நான் நேற்றிலிருந்து அதைக் கோளாறாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத மடியில போட்டுக்கினு சும்மா உக்காந்திருந்தாருன்னு எவன் சார் சொன்னது?" என்று கேட்டார்.

"என்ன சொல்றீங்க?"

"இந்த எடம் மட்டும் எப்பிடித் தள்ளியிருக்கு பாருங்க. மேலயும் கீழயும் பின்னுன மேனிக்கே இருக்கு."

"துவைச்சதுல தளர்ந்திருக்கும்."

எழுந்து போனார். தன் அலமாரியைத் திறந்து இன்னொரு உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதே நாளில், அதே நூலில், அதே மெஷினில் பின்னியது. திருப்பூரில் அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொள்வார்களாம். சரக்கைத் துவைத்தால் ஜோடியையும் கூடவே துவைப்பார்களாம். யாரும் சொல்லாமலே இங்கேயும் அதைச் செய்துவந்திருக்கிறார். ஆறு செவ்வாயும் இரண்டையும் ஒரே வாளியில் துவைத்து, ஒரே கொடியில் காயப்போட்டிருக்கிறார். நான் தினமும் அந்தக் கொடியைக் குனிந்து கடந்து போனவன். இரண்டு உறை தொங்குகிறதே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜோடி உறை தட்டையாக, புதுசு போல இருந்தது. புடைப்பே இல்லை.

துவைத்ததில் தளரவில்லை என்று ஆகிவிட்டது. இருந்தாலும் மீட்டர்க்காரன் புத்தி விடுமா? ஒரு பழைய கார் வைப்பர் மோட்டாரைத் தேடிப் பிடித்து வந்தேன். இரண்டு பிளாஸ்டிக் குழாய், நடுவே கதவுக் கீல், மேலே ஸ்பாஞ்ச். பொய்க் கை தயார். ஜோடி உறையை அதற்கு மாட்டி மடக்கி நீட்ட விட்டோம். ஒரு நாளைக்கு நூறு, ஆறு வாரம்: டீ மாஸ்டர் வாயால் சொன்ன கணக்கு அவ்வளவு. அதை முடிக்க மோட்டாருக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

நிறுத்திவிட்டுக் கழற்றினோம். அதே இடத்தில் புடைப்பு வந்திருந்தது. பிசியோ மேடம் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காலர் அக்கா பார்க்கவில்லை, தடவினார். "மாஸ்டரோடது இன்னும் கொஞ்சம் கூடத் தள்ளியிருக்குங்க. சில நாளு கூட செஞ்சேன்னாரு இல்ல?"

பிசியோ மேடம் நேர்மையானவர். "மோட்டாரும் கையும் ஒன்னில்ல. இதை வச்சு எண்ணிக்கை சொல்ல முடியாது சார்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா கை மடங்காம இது வராது. போய்ச் சொல்லுங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை கடைக்கே போனேன். காலர் அக்காவையும் அழைத்துப் போனேன். சாவி கைமாறும் முன் கடையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று டீ மாஸ்டரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பால் பாத்திரத்துக்கு மேலே கிராஃப் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

காலர் அக்காதான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து, ஈரத்தைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, இரண்டு உறைகளையும் அந்தக் கையில் வைத்தார். "இது ஒரு மிஷின் மாஸ்டரு சொன்ன கணக்குக்கு மடக்குனது. இது ஒங்க வூட்டுக்காரரு மடக்குனது. நீங்களே தடவிப் பாருங்க. எது கூடன்னு சொல்லுங்க."

அந்த அம்மா தடவினார். பிறகு கணவருடைய உறையின் புடைப்புக்குள் தன் முஷ்டியை விட்டுப் பார்த்தார். அது அங்கே சரியாகப் போய் உட்கார்ந்தது. பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு ஷிப்ட்காரர், "டீ என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "செத்த இருங்க" என்றார் அழுகைக் குரலிலேயே.

நான் டீ மாஸ்டர் முன்னால் நின்று, "அன்னைக்கே நான் உங்களை நம்பியிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன். என் வேலைக்காலம் முழுக்க நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தார், டீ குடித்தார், போனார். சாவி அந்த அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. அப்புறம் எட்டு மாதம் கழித்து டீ மாஸ்டர் கடையில் நின்றார். பழைய ஆற்றல் இல்லை. இப்போது மேலே தூக்குவது இடது கை. வலது கை கீழே டம்ளரைப் பிடிக்கிறது. கொஞ்சம் சிந்தும். யாரும் குறை சொல்வதில்லை.

புதுப் பெட்டிகளில் பட்டன் இருக்கிறது; நோயாளியே தினமும் அமுக்கி ஜீரோ செய்துகொள்கிறார். ஜோடி பின்னுவது இங்கே சட்டம், ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சிவப்புச் சொட்டு வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

கடைக்குத் திரும்பிய முதல் நாள், டீ மாஸ்டர் எனக்கு டம்ளரை வலது கையால் நீட்டினார். நடுங்கியது. நான் அவசரப்பட்டு வாங்காமல் காத்திருந்தேன். குடித்து முடித்ததும் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே, அன்று அந்த அம்மா கையில் விட்டுவந்த அதே உறை, துவைத்து மடித்து இருந்தது.

"இத நீங்க வச்சுக்கோங்க சார். இன்னொருத்தன் வந்து 'செஞ்சேன்'னு சொன்னான்னா, மீட்டரப் பாக்கறதுக்கு முன்ன இத ஒரு தடவ பாத்துக்கோங்க."

அதற்குத்தான் அது அலமாரியில் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள்.